ஹார்ட் டிஸ்க் காணவில்லையா? பதற வேண்டாம்!

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாக்கு சமையலறைக்கும் பரீட்சை மண்டபத்துக்கும் மட்டுமன்றிக் கணிப்பொறிக்கும் பொருந்தும். வீட்டில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கணிப்பொறி ஒரு நாள் காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்களைக் காட்டி, துவங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிடுகிறது. உடனே வீட்டில் கலவரம்தான். "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்கிறார் ஒருவர். "புதியது வாங்கிப் போட்டுவிடலாம்" என்கிறார் மற்றொருவர். "ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை கூறுகிறார்.

டிஸ்கின் விலை பெரிதன்று. அதனுள் இருக்கும் அப்பாவின் கடைக் கணக்கும், மறைந்த பாட்டியின் நிழற்படமும், அக்காவின் கல்லூரிக் கட்டுரையும் எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. டிஸ்க் 'தெரியவில்லை' என்பது வேறு. டிஸ்க் 'அழிந்துவிட்டது' என்பது வேறு. இவ்வேற்றுமையை அறியாமையால் நல்ல டிஸ்குகளும் வீசி எறியப்படுகின்றன. நல்ல செய்திகளும் அழிக்கப்படுகின்றன. எனவே, பழைய கணிப்பொறியில் டிஸ்க் தெரியாமற் போனால் முறையாகத் தேடுவது எப்படி என்பதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எளிமையாக எடுத்துரைக்க விழைகிறோம்.

மறவாத நெஞ்சம்

கணிப்பொறியின் நினைவு இருவகைப்படும். 'ராம்' எனப்படும் நினைவு, மின்சாரம் நின்றவுடன் யாவற்றையும் மறந்துவிடும். ஹார்ட் டிஸ்க் அவ்வாறன்று; மின்சாரம் இல்லாவிடினும் மறவாது. நம் பாடநூல்கள் இதனை வன்தட்டு என்கின்றன. இதனுள் காந்தப் பூச்சு பூசிய, கண்ணாடிபோற் பளபளக்கும் வட்டத் தகடுகள் உள்ளன. மேசைக் கணிப்பொறிகளில் இவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப் படலத்தின் மீது மிதந்தவாறே எழுதவும் படிக்கவும் செய்கிறது.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்கை 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் 'ராமாக்' கணிப்பொறியுடன் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகளைக் கொண்ட அப்பெரிய இயந்திரத்தில் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்களே அடங்கின. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படத்துக்குக்கூட அவ்விடம் போதாமற் போகலாம்! ஏறத்தாழ அதே அளவு செய்தியை 1980-இல் சீகேட் நிறுவனம் 5.25 அங்குல டிஸ்க் ஒன்றுக்குள் அடக்கிவிட்டது. சுழலும் தகடே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் வகை இன்று பெருகிவிட்டது. ஆயினும் பழைய கணிப்பொறிகள் பலவற்றில் சுழலும் டிஸ்கே இன்னும் உழைத்து வருகிறது.

நான்கு வாயில்கள்

டிஸ்கில் உள்ள செய்தி நம் கண்ணுக்கு வந்து சேர நான்கு வாயில்களைக் கடக்க வேண்டும். முதல் வாயில் மின்சாரம். இரண்டாவது வாயில், டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிள். மூன்றாவது வாயில் பயாஸ். கணிப்பொறியைப் போட்டவுடன் எந்தெந்த உறுப்புகள் வந்துள்ளன என்று ஆசிரியை வருகைப் பதிவு எடுப்பதுபோல் எடுக்கும் சிறு நிரல் இது. நான்காவது வாயில் விண்டோஸ்.

நான்கில் ஒன்று அடைபட்டாலும் டிஸ்க் 'தெரியாது'. ஆகவே எந்த வாயில் அடைபட்டுள்ளது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் மூன்றாவது வாயிலாகிய பயாஸைப் போய்ப் பாருங்கள். டிஸ்கின் பெயர் அங்கே இருந்தால், பெரும்பாலும் மின்சாரமும் கேபிளும் நன்றாக உள்ளன என்று கொள்ளலாம். பெட்டியைத் திறக்கவே வேண்டியதில்லை. பெயர் இல்லாவிட்டால் குறை முதல் இரண்டு வாயில்களில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே பார்வையில் பாதி வேலை முடிந்துவிடுகிறது அல்லவா?

கணிப்பொறியைப் போட்டவுடன் 'டெலீட்' விசையையோ 'எஃப்2' விசையையோ விட்டுவிட்டு அழுத்தினால் பல கணிப்பொறிகளில் பயாஸ் திரை தோன்றும். சில நிறுவனங்களின் கணிப்பொறிகளில் 'எஃப்10' விசையை அழுத்த வேண்டும். அத்திரையில் சாட்டா போர்ட்டுகளின் வரிசையும், ஒவ்வொன்றின் எதிரே டிஸ்கின் பெயரும் காணப்படும். சீகேட் டிஸ்க் எனில் பெயர் பெரும்பாலும் 'எஸ்.டி.' என்றும், வெஸ்டர்ன் டிஜிட்டல் எனில் 'டபிள்யு.டி.' என்றும் தொடங்கும். பார்த்த திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். அந்தப் படம் பின்னர் உதவும்.

பயாஸில் பெயர் இல்லாவிட்டால்

இப்போது சிபியு பெட்டியைத் திறக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நலம். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும்; நம் உடலில் சேர்ந்துள்ள நிலைமின்சாரம் நீங்கும். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் ஆபத்தான மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும்.

முதலில் டிஸ்குக்கு மின்சாரம் வருகிறதா என்று காண்போம். மூடியைத் திறந்த நிலையில் உள்ளே எதையும் தொடாமல் கணிப்பொறியைப் போட்டுச் செவிமடுங்கள். மெல்லிய 'ம்ம்ம்' என்ற சுழலோசை கேட்டால் மின்சாரம் வருகிறது. மேசைக் கணிப்பொறியின் பெரிய டிஸ்க், மோட்டாரைச் சுழற்ற 12 வோல்ட்டையும், மின்னணுப் பலகைக்கு 5 வோல்ட்டையும் பயன்படுத்துகிறது. எஸ்.எம்.பி.எஸ். முதுமையடைந்து 12 வோல்ட் குறைந்துவிட்டால், திரையும் விசிறியும் இயங்கினாலும் டிஸ்க் சுழலாமல் நிற்கக்கூடும். மீண்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் வேறொரு மின் இணைப்பைப் பொருத்திப் பார்க்கலாம். டிஸ்க் எஸ்.எஸ்.டி. ஆயின் ஓசையே வராது. அங்கே செவி பயன்படாது.

சுழலோசை கேட்டும் பயாஸில் பெயர் இல்லையென்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவத் தொடங்கிய சாட்டா வகையில், செய்திக் கேபிள் ஒல்லியானது. அதில் 7 தொடுமுனைகள் உண்டு. அகன்ற மின் இணைப்பில் 15 தொடுமுனைகள் உண்டு. ஒல்லிக் கேபிள் எளிதில் தளர்ந்துவிடும் இயல்புடையது. அதனை இரு முனையிலும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். பயனில்லையேல் வேறு கேபிளை மாற்றுங்கள். அதுவும் பயனில்லையேல் மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மூன்றையும் ஒன்றாக மாற்றினால், எது குறை என்று அறியாமலே போய்விடுவோம்.

இதற்கும் முந்திய கணிப்பொறிகளில் ரிப்பன்போல் அகன்ற ஐ.டி.இ. கேபிள் இருக்கும். அதில் இரண்டு டிஸ்குகளை மாட்டலாம். ஒன்று 'மாஸ்டர்', மற்றொன்று 'ஸ்லேவ்' என்று டிஸ்கின் பின்புறமுள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியால் குறிக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டர் என்று குறித்துவிட்டால், ஒரு வகுப்புக்கு இரண்டு தலைவியர் அமைந்த கதைதான். ஒருவர் குரலும் தெளிவாகக் கேட்காது! 80 கம்பிகள் கொண்ட கேபிளாயின் நீல முனை மதர்போர்டுக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும், சாம்பல் முனை ஸ்லேவுக்கும் உரியவை.

பயாஸில் பெயர் இருந்தும் விண்டோஸ் வராவிட்டால்

யு.எஸ்.பி. போர்ட்டில் பென் டிரைவ் ஏதேனும் செருகியபடியே உள்ளதா என்று முதலில் பாருங்கள். அதிலிருந்து துவங்க முயன்று, முடியாமல் கணிப்பொறி நின்றிருக்கலாம். பென் டிரைவை எடுத்தவுடன் எத்தனையோ 'நோய்கள்' தீர்ந்துவிடுகின்றன.

அடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், மதர்போர்டிலுள்ள சிறு பாட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். வட்டக் காசுபோன்ற இதன் பெயர் சி.ஆர்.2032, விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையே இவ்வெண் குறிக்கிறது. 3 வோல்ட் தரும் இந்தப் பாட்டரி தீர்ந்துவிட்டால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். எந்த டிஸ்கிலிருந்து துவங்குவது என்ற வரிசையும் மாறலாம், 'ஏ.எச்.சி.ஐ.', 'ஐ.டி.இ.' என்ற இரு சாட்டா முறைகளுள் ஒன்று மற்றொன்றாகவும் மாறலாம். ஒரு முறையில் நிறுவிய விண்டோஸ், மற்றொரு முறையில் துவங்க இயலாமல் நீலத் திரையைக் காட்டி நிற்பதுண்டு. விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும்போது டிஸ்கே இல்லையென்று அது கூறுவதற்கும் ஏ.எச்.சி.ஐ. முறையே பெரும்பாலும் காரணம். முறையைப் பழையபடி மாற்றினால் போதும். டிஸ்கில் ஒரு குறையும் இல்லை. பழைய பாட்டரியைச் சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கப் பெற்றோரை வேண்டுகிறோம். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சில வேளைகளில் விண்டோஸ் நன்றாக வந்துவிடும். இரண்டாவது டிஸ்க் மட்டும் தெரியாது. அப்போது 'மை கம்ப்யூட்டர்' படத்தின் மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'மானேஜ்' என்பதையும் பின் 'டிஸ்க் மானேஜ்மென்ட்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய விண்டோஸில் அப்படத்தின் பெயர் 'திஸ் பி.சி.' ஆகும். டிஸ்க் அங்கே இருந்து, அதற்கு 'டி', 'இ' போன்ற எழுத்து மட்டும் இல்லையென்றால் ஓர் எழுத்தைக் கொடுத்தால் தெரிந்துவிடும். 'ஆஃப்லைன்' என்றிருந்தால் 'ஆன்லைன்' ஆக்கிவிடலாம்.

'கேன்சல்' என்னும் காவலன்

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் இடறி விழுகின்றனர். 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கும். புத்தம் புதிய டிஸ்காயின் சரி என்று கூறலாம். நம் செய்திகள் உள்ள பழைய டிஸ்காயின் 'கேன்சல்' என்பதையே அழுத்த வேண்டும். 'இனிஷியலைஸ்' என்று கேட்டாலும் இதுவே விடை.

நூலகத்தில் அட்டவணை கிழிந்துவிட்டால் புத்தகங்கள் அழிந்துவிடுவதில்லை. அலமாரியில் அப்படியே இருக்கும். டிஸ்கிலும் அட்டவணைப் பகுதி உண்டு. அது சிதைந்தால் விண்டோஸ் குழம்பி 'ஃபார்மட் செய்யலாமா' என்று கேட்கிறது. செய்திகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் செய்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படுகின்றன. அது அட்டவணையுடன் புத்தகங்களையும் எரிப்பதற்கு ஒப்பாகும். அதன் பின் மீட்க வழியில்லை.

எங்கள் நூலகத்தில் கண்டது

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் நூலகத்துக்கு வெள்ளையடித்தபோது அங்குள்ள பழைய கணிப்பொறி இடம் மாற்றி வைக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் போட்டபோது டிஸ்க் இல்லை என்றது. மூன்றாண்டுக் காலம் அக்காமார் பலர் மாலை வேளைகளில் அமர்ந்து தட்டச்சு செய்த நூற்பட்டியல் அதனுள் இருந்தது. வேறு நகல் இல்லை. பழுது பார்க்க வந்தவர் புதிய டிஸ்க் போட்டுவிடலாம் என்று கூறிச் சென்றார். நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர், "பட்டியலை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டுமா, பிள்ளைகளே?" என்று கேட்டபோது அவர் முகம் வாடியிருந்தது.

கணிப்பொறி ஆசிரியையின் முன்னிலையில் நாங்கள் நால்வர் வாயில் வாயிலாகத் தேடினோம். பயாஸில் பெயர் இல்லை. பெட்டியைத் திறந்து செவிமடுத்தோம். டிஸ்க் சீராகச் சுழன்றது, வேறு சத்தம் இல்லை. ஆகவே மின்சாரம் வருகிறது என்று தெளிந்தோம். செய்திக் கேபிளைக் கழற்றிச் செருகினோம், பயனில்லை. வேறு கேபிளை மாற்றினோம். மறுபடி போட்டதும் டிஸ்கின் பெயர் பயாஸில் வந்து நின்றது! பழைய கேபிளை எடுத்துப் பார்த்தால், அதன் ஒரு முனை மடங்கி விரிசல் கண்டிருந்தது. விண்டோஸ் வந்ததும் ஆசிரியை எங்களை வேறொன்றும் செய்ய விடாமல், முதல் வேலையாகப் பட்டியலை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுக்கச் சொன்னார். மூன்றாண்டு உழைப்பைக் காத்தது ஒரு சிறு கேபிள்.

பழைய இயந்திரமும் புதிய டிஸ்கும்

சில வேளைகளில் யாரிடமும் குறை இராது. டிஸ்குக்கும் கணிப்பொறிக்கும் வயது பொருந்தாமையே காரணமாயிருக்கும். கணக்குப் பாடத்தில் நாம் படித்த அடுக்குகள் இங்கே உதவுகின்றன. டிஸ்கில் ஒவ்வொரு சிறு கட்டமும் 512 பைட் கொள்ளும். பழைய முறையில் கட்டத்தின் முகவரி 28 பிட் அளவே. 2-இன் 28-ஆவது அடுக்கை 512-ஆல் பெருக்கினால் 13,743 கோடி பைட்டுக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 137 ஜிகாபைட் வருகிறது. அதற்கு மேல் அக்காலத்துக் கணிப்பொறிகளால் பார்க்க இயலவில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்குக்குப் பின்னரே இவ்வெல்லை நீங்கியது.

இவ்வாறே எம்.பி.ஆர். என்னும் அட்டவணை முறையில் முகவரி 32 பிட் ஆதலால் எல்லை ஏறத்தாழ 2.2 டெராபைட். இதனை மீறிய டிஸ்குகளுக்கு ஜி.பி.டி. என்னும் முறை தேவை. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதனைப் படிக்கத் தெரியாது. வி.ஐ.ஏ. நிறுவனத்தின் வி.டி.8237 என்னும் சிப் கொண்ட பழைய மதர்போர்டுகள், வினாடிக்கு 3 ஜிகாபிட் வேகமுள்ள பிற்கால சாட்டா டிஸ்குகளை அடையாளம் காணாமல் விழித்தன. அக்காலத்து டிஸ்குகள் பலவற்றில் ஒரு ஜம்பரைப் பொருத்தி வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைத்ததும் அவை தெரிந்தன. பழைய கணிப்பொறிக்கு எஸ்.எஸ்.டி. வாங்குவோர் சாட்டா வகையைக் கேட்டு வாங்குவது நன்று. என்.வி.எம்.இ. வகையிலிருந்து துவங்கப் பழைய பயாஸ்கள் பெரும்பாலும் அறியா.

கை வைக்கக் கூடாத வேளை

டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்று விட்டுவிட்டுத் தட்டும் ஓசையோ, உராயும் ஓசையோ வந்தால் உடனே கணிப்பொறியை அணைத்துவிட வேண்டும். படிக்கும் முனை தன் இடத்தைக் காணாமல் தடுமாறுகிறது என்பதே அவ்வோசையின் பொருள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தால் தகடு கீறிப்போகும். டிஸ்கை ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சை நம்பலாகாது. உள்ளே ஈரம் படிந்து கெடுதலே மிகும். மூடியைத் திறந்தால் தூசி ஒன்றே போதும், அதனை அழிக்க. இத்தகைய டிஸ்கைத் தூசியற்ற அறையுள்ள மீட்பு நிலையத்தாரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. அங்கே செலவு மிகும் என்பது உண்மை. ஆகவே உள்ளே இருப்பது எவ்வளவு அருமையானது என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்ய வேண்டும்.

தோழியரே, எந்த டிஸ்கும் என்றேனும் ஒரு நாள் ஓய்ந்துவிடும். ஆகவே அருமையான செய்திகள் எவையாயினும் குறைந்தது இரண்டு இடங்களிலாவது இருக்கட்டும். அவற்றுள் ஒன்று கணிப்பொறிக்கு வெளியே இருக்கட்டும். இவ்விதழைப் படித்து முடித்த அன்றே, வீட்டிலுள்ள படங்களையும் கணக்குகளையும் ஒரு நகல் எடுத்து வைப்பீர்களாயின் எங்கள் எழுத்து பயன்பெற்றதாக மகிழ்வோம். அதற்கு முன்னரே டிஸ்க் மறைந்துவிட்டால் செவிமடுங்கள், பயாஸைப் பாருங்கள், கேபிளைச் சோதியுங்கள், 'கேன்சல்' பொத்தானை நினைவில் கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனாலேயே ஒன்றை இல்லையென்று முடிவு கட்டாதிருப்போமாக!